மாப்பிள்ளைச் சம்பாவின் உயரத்தைக் குறைக்க மரபணுத் திருத்தம் உதவுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் ஆறு மா நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா போடுகிறோம். கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் பயிர் அப்படியே படுத்துவிடுகிறது. தண்ணீரில் கிடந்து நெல் முளைத்தும் போகிறது. மரபணுத் திருத்தம் செய்த நெல் வந்துவிட்டது என்கிறார்கள். அந்த முறையில் இந்த ரகத்தின் உயரத்தை மட்டும் குறைக்க முடியுமா? என் மகள் உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை படிக்கிறாள். அவள் செய்யக்கூடிய வேலையா இது?

பதில்: முடியும். உயரத்தை மட்டும் என்று கேட்டீர்களே, அதுதான் இந்த முறைக்குப் பொருத்தமான கேள்வி. நெல்லின் முதல் குரோமோசோமில் எஸ்டி1 என்றொரு மரபணு இருக்கிறது. தண்டை நீள வைக்கும் ஜிப்ரலின் ஹார்மோன் உண்டாவதற்கு வேண்டிய ஒரு நொதியை அது தருகிறது. அது கெட்டுப்போனால் பயிர் குட்டையாகும். 1966இல் வந்த ஐஆர்8 குட்டையாக நின்றது இதனால்தான். அதன் பெற்றோரில் ஒன்றான தீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் நெல்லில், இந்த மரபணுவில் டிஎன்ஏவின் 383 எழுத்துகள் தானாகவே விடுபட்டுப் போயிருந்தன. இயற்கையில் நடந்தது போன்ற பழுதை, உங்கள் ரகத்தில் வேறு எதையும் தொடாமல் உண்டாக்குவதுதான் இங்கே வேலை.

இருக்கிற மரபணுவைச் செயலிழக்கச் செய்வது இந்த முறைக்குச் சுலபம். இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பது மிகக் கடினம். வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் குணத்தைக் கேட்டிருந்தால், இரண்டு ரகங்களைக் கலக்கும் ஒட்டுச்சேர்க்கைக்கே போங்கள் என்று சொல்லியிருப்போம். அந்தக் குணமுள்ள சிஆர்1009 சப்1 நெல் அப்படி வந்ததுதான். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு திருத்த ரகங்களும் ஒரு மரபணுவின் வேலையைக் குறைத்து உண்டாக்கியவைதான். நம் பக்கம் ஆந்திரா பொன்னி என்று போடுகிற பிபிடி 5204இலிருந்து வந்தது கமலா. எம்டியு 1010இலிருந்து வந்தது புசா டிஎஸ்டி ரைஸ் 1.

ஆய்வகத்துக்குப் போகும் முன் வயலில் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாரம்பரிய நெல் என்பது ஒரே அச்சில் வார்த்த ரகம் அல்ல, பல சாயல்கள் கலந்த கூட்டம். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனால், பிறகு குட்டையாக வந்த செடி திருத்தத்தால் குட்டையா, கலப்பு நெல்லா என்று சொல்லவே முடியாது. ரகத்தின் அடையாளம் முழுக்கப் பொருந்திய ஒரு செடியைத் தேர்ந்து, அதன் கதிரைத் தனியாக அறுத்து, இரண்டு போகம் தனி வரிசையாக வளர்த்து, அந்த விதையைக் கொடுங்கள்.

அந்த விதையில் முளைத்த நாற்றின் இலையிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எஸ்டி1 பகுதியைப் பிசிஆர் முறையில் பல நகல்களாகப் பெருக்கி, எழுத்துவரிசையைப் படிக்க வேண்டும். கணினியில் கிடைக்கும் நெல் மரபணுத்தொகுதி பெரும்பாலும் நிப்பன்பாரே என்ற ஜப்பானிய ரகத்தினுடையது. அதை நம்பி வடிவமைத்த வழிகாட்டி (வெட்டும் இடத்தைக் காட்டும் ஆர்என்ஏ), உங்கள் ரகத்தில் அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட வேலை செய்யாமல் போகலாம். ஆறு மாதம் உழைத்த பிறகு இது தெரியவந்தால் மனம் உடைந்துவிடும். இலையை முதலில் படித்துவிட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வெட்டும் கருவி இரண்டு பாகம் கொண்டது. காஸ்9 என்பது டிஎன்ஏவின் இரு இழைகளையும் அறுக்கும் புரதம். எங்கே அறுப்பது என்று காட்டுவது வழிகாட்டி ஆர்என்ஏவிலுள்ள 20 எழுத்து. அந்த 20 எழுத்து பொருந்தும் இடத்தை ஒட்டி டிஎன்ஏவில் ஏதாவது ஓர் எழுத்தும் இரண்டு 'ஜி'யும் வரவேண்டும். அது இல்லாத இடத்தில் காஸ்9 உட்காராது. உட்கார்ந்தால், அந்த மூன்று எழுத்துக்கு மூன்று எழுத்து முன்னால் அறுக்கும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் இப்படி இரண்டு இடம் தேர்ந்துகொள்வது நல்லது, ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும். வழிகாட்டிக்குள் நான்கு 'டி' தொடர்ந்து வரக்கூடாது, ஆர்என்ஏ அங்கேயே அறுந்துவிடும். மரபணுத்தொகுதியில் வேறெங்காவது இதே சாயல் இருக்கிறதா என்றும் தேட வேண்டும். 'ஜிஜி'க்கு அருகிலுள்ள 10, 12 எழுத்து அப்படியே பொருந்தும் வேறிடம் இருந்தால் அந்த வழிகாட்டியைத் தள்ளிவிடுங்கள்.

காஸ்9 அறுக்கும், அவ்வளவுதான். மாற்றத்தை எழுதுவது செடியின் செல். அறுந்த முனைகளை அது ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபடும், அல்லது ஒன்று கூடும். புரதத்துக்கான சொல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து பிசகினாலும் அதற்குப் பின் எல்லாமே உளறலாகிவிடும். மூன்றோ ஆறோ விடுபட்டால் மட்டும் வரிசை பிசகாது. நொதி கொஞ்சம் பலவீனமாக மிஞ்சலாம். இதைப் பிறகு பயன்படுத்திக்கொள்வோம்.

வழிகாட்டியும் காஸ்9 மரபணுவும் ஹைக்ரோமைசின் என்ற நச்சு மருந்தைத் தாங்கும் அடையாள மரபணுவும் சேர்ந்த பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தை, செடிக்குள் டிஎன்ஏவைக் கொண்டுசேர்க்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவில் ஏற்றுவது எந்த நல்ல ஆய்வகத்திலும் ஒரு மாத வேலை. அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்குகிறது. நம் இண்டிகா வகை நெல்லைக் கேலஸ் என்ற உருப்பெறாத செல் திரளிலிருந்து மறுபடி செடியாக்குவது எளிதல்ல. பாரம்பரிய ரகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். உங்கள் மகள் முதல் மூன்று மாதத்தை, அக்ரோபாக்டீரியத்தைத் தொடாமல், இந்த ரகம் கேலஸிலிருந்து செடியாகிறதா என்று பார்ப்பதற்கே ஒதுக்கட்டும்.

உமி நீக்கிய, கரு உடையாத 200 அரிசியை 70 சதவீத எத்தனாலில் ஒரு நிமிடமும், பாதிக்குப் பாதி நீர் கலந்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 முதல் 30 நிமிடமும் வைத்து, கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலச வேண்டும். வயலில் மழையில் நனைந்த விதையென்றால் உள்ளுக்குள்ளேயே பூஞ்சை இருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. நன்றாகக் காய்ந்த விதைதான் வேண்டும். அதை வளர்க்கும் ஊடகத்தில் (சத்துக்கூழில்) லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 2 முதல் 2.5 மி.கி. 2,4-டி என்ற வளர்ச்சி ஹார்மோன், அமிலக்காரநிலை 5.8. இருட்டில் 28 டிகிரியில் மூன்று வாரம்.

அப்போது கருமுனையில் கேலஸ் திரண்டிருக்கும். எல்லாக் கேலஸும் ஒன்றல்ல. வெளிர் மஞ்சளாக, உலர்ந்து, கேழ்வரகு மணிகளைக் குவித்ததுபோல் உருண்டை உருண்டையாக, ஊசியால் தொட்டாலே பிரிந்து வருகிறதே, அதுதான் செடியாகும். கண்ணாடிபோல் நீர்கோத்து வழவழவென்றிருப்பது வளரும், பெருகும், ஆனால் ஒருநாளும் தளிர்விடாது. பழுப்பேறியது பிழைக்காது. இந்தத் தேர்வைக் கண் பழகித்தான் கற்க வேண்டும்.

மணிபோன்ற கேலஸை மூன்று, நான்கு நாள் புதிய ஊடகத்தில் வைத்துவிட்டு, கலங்கலைக் காட்டும் ஓடி (OD) அளவு 0.8 வரும்வரை நீர்மத்தில் கலக்கிய அக்ரோபாக்டீரியத்தில் 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். அதில் 100 முதல் 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் இருக்க வேண்டும். காயம்பட்ட செடி விடும் அந்த வேதிப்பொருள்தான் பாக்டீரியாவைச் செயல்பட வைக்கிறது, நெல் அதைப் போதுமான அளவு தானாக விடாது. பிறகு வடிதாளில் ஈரத்தை நன்றாக ஒற்றியெடுத்து, 25 டிகிரி இருட்டில் மூன்று நாள். ஈரம் மிஞ்சினாலோ நான்காம் நாள் ஆனாலோ பாக்டீரியா தட்டு முழுக்கப் பாகுபோல் படர்ந்து கேலஸை மூழ்கடிக்கும். இங்கே போனவை திரும்பி வந்ததில்லை.

லிட்டருக்கு 250 மி.கி. செஃபோடாக்சிம் என்ற பாக்டீரியாக்கொல்லி மருந்து கலந்த நீரில் கழுவி, அதே மருந்தும் ஹைக்ரோமைசினும் சேர்ந்த ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கலனில்) வைக்கும் முன் சேர்த்தால் சூட்டில் வீணாகிவிடும், ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஹைக்ரோமைசினை 30இல் தொடங்கி 50 மி.கி. வரை சோதித்துப் பாருங்கள். பாக்டீரியா தொடாத கேலஸ் முழுதும் சாகும் குறைந்த அளவே உங்கள் அளவு. இரண்டிரண்டு வாரமாக இரண்டு சுற்று. கறுத்த கேலஸின் மேல் புதிதாக முளைக்கும் வெளிர் மணிகளை மட்டும் எடுத்து, வளர்ச்சி ஹார்மோன்களில் பிஏபி அதிகமும் என்ஏஏ குறைவுமாக உள்ள ஊடகத்தில் வெளிச்சத்தில் வைத்தால் பச்சைப் புள்ளி தெரியும், பிறகு தளிர், வேர். சில நாற்றுகள் வெள்ளையாகவே வரும். அவை பிழைக்காது.

நாற்று வந்ததும் திருத்தம் நடந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. இலையிலிருந்து வெட்டிடத்தைச் சுற்றி 500 எழுத்தளவு பெருக்கி வரிசை படிக்க வேண்டும். வரைபடத்தில் வெட்டிடம்வரை ஒவ்வோர் எழுத்துக்கும் ஒற்றை முகடு நிமிர்ந்து நிற்கும். அங்கிருந்து முகடுகள் இரண்டிரண்டாக ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், செடியிலுள்ள இந்த மரபணுவின் இரு பிரதிகளிலும் வெவ்வேறு எழுத்து என்று பொருள். ஒன்று திருந்தி மற்றது பழையபடி இருந்தாலும் இப்படித்தான் தெரியும். அதைப் பிரித்துப் படிக்க இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரே செடியில் ஓர் இலை ஒன்றும் மற்றோர் இலை வேறொன்றும் காட்டினால் அது கலவைச் செடி, அதன் விதையை நம்பாதீர்கள்.

அடுத்த தலைமுறையில் கருவியை வெளியேற்ற வேண்டும். காஸ்9 ஓரிடத்தில் மட்டும் நுழைந்திருந்தால், விதையில் நான்கில் ஒன்று அது இல்லாமல் பிறக்கும். தாய்ச்செடியில் ஒரு பிரதி மட்டும் திருந்தியிருந்தால், இரு பிரதியும் திருந்திய பிள்ளையும் நான்கில் ஒன்று. இரண்டும் சேர்வது பதினாறில் ஒன்று. எனவே 50 நாற்றாவது போட வேண்டும். காஸ்9 மரபணு, ஹைக்ரோமைசினைத் தாங்கும் மரபணு இரண்டுக்கும் தனித்தனியே பிசிஆர் செய்து இரண்டுமே இல்லை என்று காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் துண்டாக நுழைந்த பகுதி தப்பிவிடும்.

இந்தத் தேர்வின்போது ஒரே வகைத் திருத்தத்தோடு நின்றுவிடாதீர்கள். எழுத்துவரிசை பிசகிய செடி மிகவும் குட்டையாகலாம். டெல்டாவின் தாழ்ந்த வயலில் அது தண்ணீரில் முங்கும், களையை அடக்காது, மாட்டுக்கு வைக்கோலும் குறையும். மூன்று எழுத்தோ ஆறு எழுத்தோ விடுபட்ட செடி இடைப்பட்ட உயரத்தில் நிற்க வாய்ப்புண்டு. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அதுவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

சட்டம்: வெளி டிஎன்ஏ மிஞ்சாத இத்தகைய திருத்தப் பயிர்களுக்கு, 2022 மார்ச்சில் மத்திய அரசு, மரபணு மாற்ற உயிரிகளுக்கான 1989 விதிகளில் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. மிஞ்சவில்லை என்று நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் நிரூபிக்கும்வரை செடி வலைக்கூடத்தை விட்டு வெளியே வரக்கூடாது. ஒரு விதைகூட வீட்டுக்கு வரக்கூடாது. ஆகவே இது தனியாகச் செய்யும் வேலை அல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகமோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமோ போல, அந்தக் குழுவின் அனுமதியோடு வேலை நடக்கும் இடத்தில் வழிகாட்டிப் பேராசிரியரின் கீழ் உங்கள் மகள் செய்யலாம். காஸ்9க்குக் காப்புரிமை இருப்பதால், ஆராய்ச்சி தாண்டி விதை விற்பனைக்குப் போகுமுன் அதையும் பேசித் தீர்க்க வேண்டும்.

கேலஸ் தொடங்கி கருவி நீங்கிய விதை கையில் வர, இந்த ரகத்தின் வயதைக் கணக்கிட்டால் ஒன்றரை, இரண்டு ஆண்டு. வயல் சோதனை அதற்கு மேல். அதுவரை கடைசி யூரியாவைக் குறைத்து, சாம்பல் சத்தைச் சரியாகக் கொடுத்து, நடவில் இடைவெளி விட்டால் சாய்வது ஓரளவு குறையும். தை அறுவடையில் அந்த ஒற்றைக் கதிரை அடையாளம் கட்டித் தனியே எடுத்து வையுங்கள்.