தராசின் பிழை எந்தப் பக்கம்?

ஐயா, வணக்கம். திருகோணமலையில் ஒரு மீன்கடையில் வேலைக்கு நிற்கிறேன். முதலாளி விடிய ஏலத்தில் மீன் எடுத்துத் தந்துவிட்டுப் போய்விடுவார். தராசுத் தட்டில் தண்ணீர் தேங்கி 40, 50 கிராம் கூடக் காட்டும். துடைக்காமலே நிறுத்துக் கொடுத்துவிடுகிறேன். அவர் அப்படிச் செய்யச் சொன்னதுமில்லை, கேட்டதுமில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, வேலை அவசரம். ஆனாலும் மனம் உறுத்துகிறது. இது களவா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

களவுதான். பெரிய அறக்குளாவின் வால் மேசையில் முட்டினால் தராசு எடையைக் குறைத்துக் காட்டும். எந்த அவசரத்திலும் அது மீன் விற்பவர் கண்ணுக்குத் தப்பாது, உடனே வாலை எடுத்துத் தட்டுக்குள் வைத்துவிடுவார். தண்ணீர் மட்டும் தப்பிவிடுகிறது. அவசரத்தில் வரும் பிழை இரண்டு பக்கமும் வரவேண்டும். எப்போதும் கடைப்பக்கமே விழுகிற பிழைக்கு அவசரத்தைச் சாட்டமுடியாது.

ஆளுக்கு 50 கிராம், நாளுக்கு 60 பேர் என்றால் 3 கிலோ. கிலோ 1500 ரூபாய் என்று வைத்தால் 4500 ரூபாய். கால் கிலோ சூரை வாங்க வருகிறவருக்கு அந்த 50 கிராம் ஐந்தில் ஒரு பங்கு. குறைய வாங்குகிறவரிடமே கூடப் போகிறது. இலக்கம் வாசிக்கத் தெரியாத ஆச்சியும், கடைக்கு அனுப்பிவிட்ட பிள்ளையும் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

ஆள் வந்து நிற்கும்போது மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆள் வருமுன்பே தராசைச் சரிபண்ணிவிடுங்கள். மேசை ஆடாமல், நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். வெறுந்தட்டு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்து, முத்திரையிட்ட 1 கிலோ படிக்கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் தட்டுக்கு அடியில் செதிலோ ஐஸ் துண்டோ சிக்கியிருக்கும். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் தட்டைத் துடைத்து, பூச்சியம் வந்த பிறகே மீனை வையுங்கள். மீனில் ஒட்டிய ஐஸைத் தட்டிவிட்டு நிறுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இலக்கம் நிற்காமல் துள்ளும். கை தானாகவே மேல் இலக்கத்தைப் பிடிக்கும். காற்றுப் பக்கம் ஒரு பலகையை மறைப்பாக வைத்து, இலக்கம் நின்ற பிறகு சொல்லுங்கள்.

வியாபாரத் தராசை ஆண்டுக்கொருமுறை பரிசோதித்து முத்திரையிட வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டுச் சட்டத்தின் கீழுள்ள ஏற்பாடு. முத்திரை குத்துவது ஒரு நாள் வேலை. மற்ற 364 நாளும் அந்தத் தராசு உங்கள் கையில்.

நீங்கள் எழுதாத இடம் ஒன்றும் உண்டு. வெட்டிவைக்கச் சொல்லிவிட்டு மரக்கறி வாங்கப் போகிறவரின் மீன். அவர் போகுமுன் முழு மீனை அவர் முன்னால் நிறுத்து, சினையும் தலையும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். ஒருவரின் துண்டுகளை ஒரே பேசினில் தனியாக வையுங்கள். இரண்டு பேருடையது கலந்தால் நல்ல துண்டு எங்கே போனதென்று உங்களுக்கே தெரியாது.

இதுவரை கூடப் போன காசை எல்லோருக்கும் திருப்ப வழியில்லை. வழமையாக வருகிறவர்களுக்கு மீனைக் கொஞ்சம் கூட வைத்துக் கொடுக்கலாம் என்று தோன்றும். அந்த மீன் முதலாளியுடையது, அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் அதுவும் களவாகிவிடும். நாளைக்கு ஏலத்தால் அவர் திரும்பியதும், ஐஸ் பெட்டியைத் திறக்குமுன், தட்டில் தண்ணீர் ஊற்றி இலக்கத்தைக் காட்டி, நடந்ததை அவரிடம் சொல்லுங்கள்.