பாடியவர் பெயர் எங்கே?

கேள்வி: வீட்டு அறையில் மூன்று பாடல்களைப் பதிவு செய்து, கோலாலம்பூர், சென்னை, இலண்டனில் உள்ள நாற்பது சிறிய இசை நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. மெட்டும் வரிகளும் என்னுடையவை. பாடியது அக்கா, மாப்பிள்ளை பார்ப்பதால் அவர் பெயரைப் போடவில்லை. டெமோவை, அதாவது இந்த மாதிரிப் பதிவை, அவர்களைக் கேட்க வைப்பது எப்படி?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, நாற்பது முகவரிகளை வரிசையாக அடுக்கிய கடிதத்தை எவரும் தமக்கு வந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிறுவனம் இதுவரை வெளியிட்டவற்றைக் கேட்டு, டெமோ வாங்குகிறார்களா என்று அவர்கள் தளத்தில் பார்த்து, பாட்டுக் கோப்பை இணைக்காமல் சவுண்ட்கிளவுட் என்னும் இசைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி, சுட்டி கிடைத்தவர் மட்டும் கேட்கக்கூடிய தனிச் சுட்டியை மட்டும் வைத்து, தனித்தனியாக எழுதுங்கள். சிறந்த பாட்டு முதலில் இருக்கட்டும்.

இதை யாரும் சொல்லித் தருவார்கள். போகிற போக்கில் அக்காவைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். பெயரைப் போடவில்லை என்கிறீர்கள். போடவேண்டாமென்று அக்கா சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவரைக் கேட்டீர்களா? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மெட்டமைத்தவரோடு பாடியவருக்கும் உரிமை தருகிறது. ஒப்பந்தம் என்று வந்தால், பதிவில் பங்குள்ள அனைவரும் சம்மதித்தார்கள் என்று நீங்கள்தான் கையெழுத்திட வேண்டியிருக்கும். அப்போது பொய் சொல்வீர்களா? அந்தக் குரலைக் கேட்டு மேடைக்கு அழைத்தால் யாரை அனுப்புவீர்கள்?

மாப்பிள்ளை வீட்டாரைக் காரணம் காட்டாதீர்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நம் பெண் ஒலிபெருக்கியில் பாடினால் பூரித்துப்போகும் உறவுக்காரர்களுக்கு, அவள் பெயர் ஒரு பதிவில் வந்தால் மட்டும் மானம் போய்விடுமா? அதற்காக விலகும் சம்பந்தம் இப்போதே விலகட்டும். கழுத்தில் தாலி ஏறிய பிறகு தெரிந்து தினமும் குத்திக்காட்டப்படுவது பெரிய கொடுமை. அக்காவுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தம்பி, அவர் குரலை எடுத்துக்கொண்டு ஆளை மறைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்றிரவே அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு அக்காவிடம் பேசுங்கள். பெயர் எப்படி வரவேண்டும், பணம் வந்தால் அவர் பங்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கடிதம் போகட்டும். அவர் வேண்டாமென்றால், மூன்று பாடல்களையும் உங்கள் குரலிலேயே மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள்.