பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில், பேலன்ஸ் பீம் என்னும் குறுகிய கட்டையின் மேல் அரிதாகவே சரியாகச் செய்யப்படும் கடினமான தாவல் எது?

தயங்காமல் சொல்வேன்: யாங் போ. 1989 உலகச் சாம்பியன்ஷிப்பிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் பங்கேற்ற சீன வீராங்கனையின் பெயர் அது. அவர் பெயரே தாவலுக்கும் நிலைத்துவிட்டது.

ஓடி வந்து ஒற்றைக் காலில் பாய்வதல்ல இது. இரண்டு கால்களாலும் உந்தி எழ வேண்டும். மேலே போனதும் கால்கள் முன்னும் பின்னுமாக 180 பாகையையும் தாண்டி விரிய வேண்டும். முன்கால் கிடைமட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்கால் அதைவிட உயரப் போக வேண்டும். அதே கணத்தில் முதுகு வில்லாக வளைந்து தலை பின்னால் சாய வேண்டும். கீழே காத்திருப்பதோ, 125 செ.மீ. உயரத்தில் 10 செ.மீ. அகலமே உள்ள கட்டை.

சிறுமியாக இருந்தபோது சில ஆண்டுகள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றேன். தரையில் கிழித்த கோட்டின் மேல் இதை முயன்றிருக்கிறேன். முதுகை வளைத்தால் முன்கால் தாழ்ந்தது. காலை உயர்த்திப் பிடித்தால் தலை சாய மறுத்தது. இரண்டும் ஒருசேர அமைந்த நாள் எனக்கு வாய்க்கவே இல்லை.

ஆனால் உண்மையான கடினம் கண்ணில் இருக்கிறது. பீமில் நிற்பவருக்குப் பார்வைதான் ஊன்றுகோல். கட்டையின் முனையைப் பார்வையால் பற்றிக்கொண்டே உடல் தன்னை நிறுத்திக்கொள்கிறது. தலை சாய்ந்ததும் கூரை தெரிகிறது, கட்டை மறைகிறது. கீழே வரும் நொடித் துணுக்கில் அதை மீண்டும் கண்டுபிடித்துப் பாதத்தை வைத்தாக வேண்டும். கோட்டின் மேலேயே எனக்கு வயிறு கலங்கியது.

ஷீப் ஜம்ப் என்ற இன்னொரு தாவலிலும் தலை பின்னால் போகும். ஆனால் அதில் முழங்கால்கள் மடங்கிப் பாதங்கள் தலையை நோக்கி வரும். அதுவும் எளிதன்று, என் வரிசையில் இரண்டாம் இடம் அதற்குத்தான்.

யாங் போவை முயல்பவர்கள் பலர். முழு மதிப்பையும் பெறுபவர்கள் குறைவு. முன்கால் சற்றே தாழ்ந்தாலோ தலை பாதியில் நின்றாலோ, நடுவர்கள் அதைக் குறைந்த மதிப்புள்ள வேறொரு தாவலாகக் கணக்கிட்டுவிடலாம். கட்டையிலிருந்து விழுந்தால் முழுதாக 1.0 புள்ளி போய்விடும். இவ்வளவு ஆபத்துக்கு எளிய தாவல்கள் இரண்டைச் சேர்த்துச் செய்வதே மேல் என்று பயிற்சியாளர்கள் நினைத்தால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காணொளியில் பார்க்கும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். எல்லோர் கண்ணும் வளையும் முதுகுக்குத்தான் போகும். நீங்கள் முன்காலை மட்டும் கவனியுங்கள். தலை சாயும் அந்தக் கணத்திலும் அது அசையாமல் நின்றால், நீங்கள் பார்ப்பது அசல் யாங் போ.