தப்த குண்டத்தில் கால் வைக்கும் முன்

கேள்வி: அப்பாவுக்கு வயது 67. 15 வருடமாகச் சர்க்கரை, முழங்கால் வலியும் உண்டு. பத்ரிநாத் யாத்திரை போகிறோம். கோயிலுக்குக் கீழே உள்ள தப்த குண்டம் என்ற வெந்நீர் ஊற்றுக் குளத்தில் குளித்தால் மூட்டு வலி போய்விடும் என்கிறார் டூர்க்காரர். குளிக்கலாமா?

பதில்: குளிக்கலாம், ஆனால் காலை உள்ளே விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. முழங்கையை நனைத்துப் பாருங்கள், அதுவும் அப்பாவுடையது வேண்டாம், உங்களுடையது.

நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு முதலில் கெடுவது பாதத்தில்தான். அந்தக் குண்டத்து நீர் சுமார் 45 டிகிரி என்பார்கள். நாம் வீட்டில் ஊற்றிக்கொள்ளும் வெந்நீர் பெரும்பாலும் 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். உணர்ச்சி உள்ளவர் 'ஐயோ' என்று காலை இழுத்துக்கொள்வார். மரத்த கால்காரர் இதமாக இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பார். ராத்திரி சாக்ஸைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும்.

கிளம்பும் முன் வீட்டிலேயே சோதியுங்கள். அப்பா கண்ணை மூடிக்கொள்ளட்டும். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் குண்டத்தில் இறங்கவே வேண்டாம். தண்ணீரை வாளியில் மொண்டு, பச்சைத் தண்ணீர் கலந்து, சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும். புண்ணியம் குறையாது. இரண்டு நிமிடச் சோதனை இது. 15 வருடமாக மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டர்கள் ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றச் சொன்னார்களா என்று அப்பாவைக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் அனுப்பியிருப்பார்கள்.

உணர்ச்சி நன்றாக இருந்தால் ஐந்து நிமிடம் இறங்கலாம், இடுப்பளவு போதும். எழுந்திருக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து பிரஷர் இறங்கும், தலை சுற்றும். வெளியே குளிர் வேறு.

மூட்டு வலி? வெந்நீர் இறுக்கத்தைத் தளர்த்தும், சில மணி நேரம் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தேய்ந்த ஜவ்வு வளராது. வெந்நீர் ஊற்று உள்ள ஊர்களில் கந்தக வாடையைக் காட்டி, "இதைக் குடி, மாத்திரையை நிறுத்து" என்று பாட்டிலை நீட்டும் ஆட்கள் உண்டு. வாங்காதீர்கள்.

டூர்க்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: ராத்திரி எங்கே தங்கல்? மலை ஏறத் தொடங்கும் ரிஷிகேஷ் சுமார் 350 மீட்டர் உயரம், பத்ரிநாத் 3,100. ஒரு நாள் ரூம் வாடகையை மிச்சம் பிடிக்க ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறார்கள். உயரத்துக்கு உடம்பு பழகாமல் தலைவலியும் மூச்சு வாங்கலும் வந்தால் "வயசாச்சு" என்று சமாளிப்பார்கள். வழியில் உள்ள ஜோஷிமட்டில் ஒரு ராத்திரியாவது தங்கல் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

கொப்புளம் வந்துவிட்டால் உடைக்க வேண்டாம், மஞ்சளும் பற்பசையும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் தளர மூடி, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் பலர் விரலை இழக்கிறார்கள்.