படித்து என்ன ஆகப்போகிறது?

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடிப் பக்கம். ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது உதவித்தொகையில் வடக்கே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. கணிதம் எடுத்தாலும் பொருளாதாரம் எடுத்தாலும் பேரிலக்கிய வகுப்பு கட்டாயம். ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில் தொடங்கி பிளேட்டோ என்று போகிறது. எல்லாரும் சரளமாகப் பேசுகிறார்கள்; நான் மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. அப்பா போனில், "இதெல்லாம் படிச்சு என்னம்மா ஆகப்போவுது?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒரு மாணவி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்வியை, உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒருவர் எப்போதோ கேட்டுவிட்டார். 1880 அக்டோபர், கும்பகோணம். கல்லூரிக்குப் புதிதாக வந்த தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கு 25 வயது. ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், பட்டியலுக்கா பஞ்சம்? முதலியார் அசரவில்லை. இதனால் என்ன பிரயோசனம் என்கிறார். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா? இல்லை. அப்புறம் முதலியார் பிரதி கொடுத்ததும், அது பிடிபடாமல் இவர் திணறியதும், ஊரில் இருந்த சமணர்களைத் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்டதும் 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. 1887-ல் சிந்தாமணி அச்சேறியது.

பதிப்பு பெரிய காரியம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது, கல்லூரி வாத்தியார் ஒருவர் இன்னொரு வீட்டுக்குப் போய் "இது எனக்குப் புரியவில்லை" என்று உட்கார்ந்த இடம். உங்கள் வகுப்பும் அதற்குத்தான். சரளமாகப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தை முழுசாகத் திறந்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

2012-ல் பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் கணக்கு அறையில், மாதம் ஒருமுறை நாலைந்து பேர் கூடிப் படித்தோம். பக்கத்தைத் திருப்பினால் விரலில் தவிட்டுத் தூசி ஒட்டும். அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவை போயிற்று. நாங்கள் எடுத்திருந்தது பட்டினப்பாலை. 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா மலைத்தலைய கடற்காவிரி' என்று வாசித்ததும், கணக்குப் பார்க்க வந்து வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், "வானம் பொய்ச்சாலும் காவிரி பொய்க்காதா? நல்லாருக்கே கதை" என்றார். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எங்களில் இருந்தார். அவருக்கே பதில் வரவில்லை. பெரியவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "தலை மலையில இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு பாருங்க. அங்கதான சிக்கல்" என்றார். நான் பலமுறை தாண்டிப்போன சொல் அது.

இலியட்டின் கடைசிக் காண்டத்தில், போரில் மாண்ட ட்ராய் இளவரசன் ஹெக்டரின் உடல் வீடு வருகிறது. மனைவி, தாய், அந்தப் போருக்கே காரணமான ஹெலன் என்று மூன்று பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் புலம்புகிறார்கள். மனைவி தன் பிள்ளையின் கதி என்ன ஆகும் என்று அழுகிறாள். இழவு வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? ஆங்கிலம் தடுக்கினால் தடுக்கட்டும்.

பட்டியல் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1937-ல் முதலாண்டுக்காரர்களுக்கு இலக்கிய வகுப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே நூலகத்தின் நெற்றியில் ஹோமர், பிளேட்டோ என்று பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் எழுதிய நூல் அந்த வகுப்புக்குள் நுழைய 1985 ஆயிற்று, அதுவும் ஜேன் ஆஸ்டின். 1989-ல் மாணவர்கள் அந்தக் கல்லுக்கு மேலேயே பெண் எழுத்தாளர்களின் பெயர்களை எழுதிய பேனரைக் கட்டினார்கள். கேட்டால்தான் பட்டியல் அசையும். ஆனால் 'தமிழ் வேண்டும்' என்று மட்டும் போய் நிற்காதீர்கள். இரண்டு புறநானூற்றுப் பாட்டை மொழிபெயர்ப்போடு எடுத்துக்கொண்டு போய், ஒரு வகுப்பு கொடுங்கள், நான் நடத்துகிறேன் என்று கேளுங்கள்.

கட்டாயம் என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. அதே கும்பகோணம் கல்லூரியில்தான் ராமானுஜன் கணக்கைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காமல் உதவித்தொகையை இழந்தார். அவரை இலியட்டோடு உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யார் கண்டது. ஆனால் நீங்கள் எனக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு பிடிக்காதவர் எழுதுகிற கடிதம் இல்லை இது.

அப்பாவுக்கு இப்போதைக்குப் பதில் எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த மூன்று பெண்களும் என்ன சொல்லி அழுதார்கள் என்று தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.