துக்கம் விசாரிக்க யாரும் வராத இழப்பு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 33 வயது. குவாண்டம் கணினி வந்தாலும் உடையாத ரகசியக் குறியீட்டு முறைகளில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக இருக்கிறேன். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் பாக்கி.

முனைவர் பட்டத்துக்கு ஐசோஜெனி வழியை எடுத்தேன்; நீள்வட்ட வளைவுகளுக்கு இடையிலான தொடர்புகளை வைத்துக் குறியீடு அமைக்கும் வழி அது. அதில் சைக் என்ற முறையை நம்பி மூன்று அத்தியாயங்கள் எழுதினேன். 2022 ஜூலைத் தொடக்கத்தில் அது, இத்தகைய முறைகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் நடத்தும் தேர்வின் நான்காம் சுற்றுக்குப் போனது. அந்த மாதக் கடைசியிலேயே பெல்ஜியத்தில் இரண்டு பேர் அதை உடைத்துவிட்டார்கள். குவாண்டம் கணினிகூடத் தேவைப்படவில்லை. சாதாரணக் கணினியின் ஒரே கோர், சுமார் ஒரு மணி நேரம். ஆய்வேட்டை மாற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன்.

இப்போது லாட்டிஸ் பக்கம் வந்துவிட்டேன்; பல பரிமாணப் புள்ளிக் கட்டங்களை வைத்த இன்னொரு குறியீட்டு வழி அது. ஆனால் தினமும் விழித்ததும் போர்வைக்குள்ளேயே போனை எடுத்துப் புதிய ஆய்வுக் கட்டுரைத் தலைப்புகளைப் பார்க்கிறேன். ‘தாக்குதல்’ என்ற சொல்லைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது. 2024 ஏப்ரலில், லாட்டிஸ் முறைகள் நம்பியிருக்கும் கணக்கையே தீர்க்கும் குவாண்டம் வழிமுறை என்று ஒரு கட்டுரை வந்தது. எட்டே நாளில் பிழை தெரிந்து எல்லோரும் மூச்சுவிட்டார்கள். எனக்கு அப்புறமும் தூக்கம் வரவில்லை. இன்றுவரை சரியான தூக்கம் இல்லை.

குழுக் கூட்டத்தில் பேராசிரியர் கருத்துக் கேட்டால், மார்க்கரின் மூடியைக்கூடத் திறக்காமல் பலகை முன் நிற்கிறேன். வீட்டில், “அடுத்தது நிரந்தர வேலைதானே?” என்கிறார்கள். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கேள்வி வேலையைப் பற்றியது. ஆனால் கடிதம் முழுக்க 2022 ஜூலைதான் இருக்கிறது. அன்று அழுதீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா என்று ஒரு வார்த்தை இல்லை. ‘மாற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். வருடக்கணக்கான உழைப்பு அது. வீட்டில் ஒருவர் போனால் துக்கம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். உங்களுக்கு யாரும் வரவில்லை. அந்தத் துக்கம்தான் இப்போது காலையில் போர்வைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்காகக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சைக்கை உடைக்க உதவியது எர்ன்ஸ்ட் கானி 1997-இல் வெளியிட்ட தேற்றம். கால் நூற்றாண்டு எல்லோர் கண்ணெதிரிலும் இருந்திருக்கிறது. முறையை உருவாக்கியவர்களுக்கே படவில்லை. உங்களுக்குப் படாததை உங்கள் குறையாக எடுத்துக்கொள்வது நியாயமா? அதே தேற்றத்தைக் கொண்டே பிறகு ஐசோஜெனி டிஜிட்டல் கையொப்ப முறைகளை வேகமாக்கியிருக்கிறார்கள். நீங்கள் கற்ற கணிதம் வீணாகவில்லை.

நீங்கள் சொன்ன 2024 கட்டுரையின் ஆசிரியர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்பதாம் படியில் பிழை இருக்கிறது, சரிசெய்யும் வழி தெரியவில்லை என்று கட்டுரையிலேயே எழுதி, பிழையைக் கண்டவர்களுக்கு நன்றியும் சொன்னார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உங்கள் துறையில் தவறாகச் சொல்லிவிட்டும் தலைநிமிர்ந்து இருக்க முடிகிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் இருபது நிமிடம் வாங்கிக்கொண்டு, சைக் எப்படி உடைந்தது என்று பலகையில் நீங்களே விளக்குங்கள். அந்த அறையில் அதை உங்களைவிட நெருக்கமாக அறிந்தவர் அநேகமாக இருக்கமாட்டார். கை நடுங்கினால் நடுங்கட்டும். முடிவில், அதில் உங்கள் மூன்று அத்தியாயங்கள் போயின என்பதையும் சொல்லுங்கள்.

போனை இரவில் வேறு அறையில் வையுங்கள். தலைப்புகளை அலுவலகம் போய், கூட வேலை செய்யும் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள்.

ஒப்பந்தக் கவலை வேறு, இந்தப் பயம் வேறு. பத்து மாதம் என்பது கேட்க ஏற்ற நேரம். நீட்டிப்பு உண்டா, இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் எப்போது தருவார் என்று பேராசிரியரிடம் இந்த மாதமே நேராகக் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு வீட்டாரிடம் பேசுவது சுலபம். விட்டுவிடுவது தவறே இல்லை. ஆனால் தூங்காத கண்களோடு அதை முடிவு செய்யாதீர்கள்.

தூக்கமின்மை இத்தனை காலம் நீடிப்பதால் மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.