மூன்று மாதப் பயிர்

அன்பின் அக்கா,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக ஆறு வருடங்களாகப் பணியாற்றுகிறேன். போர் முடிந்த 2009 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பதவி உயர்வுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்குச் சென்ற முறை விண்ணப்பத்தை நிரப்பியும் அனுப்பவில்லை. இம்முறையும் படிவம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. வெளிவாரிப் பட்டப்படிப்பை முதல் வருடத்தோடு விட்டுவிட்டேன். கணினி, ஆங்கிலம், கணக்கியல் என்று மூன்று மாதச் சான்றிதழ்கள் மட்டும் ஏழு வைத்திருக்கிறேன். கூட்டங்களில் வாய் திறக்க வருவதில்லை. ஆங்கிலம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னுக்குப் போகும்போது பொறாமையாக இருக்கிறது. தன்னம்பிக்கைப் பேச்சுக்கள் எத்தனையோ கேட்டேன். இரண்டு நாளைக்கு மேல் நிற்பதில்லை. போருக்குள் வளர்ந்த எங்களுக்கு இதுதான் விதியா? இந்த மனப்பழக்கங்களை எப்படி வெல்வது? எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்பின் தம்பி,

ஏழு சான்றிதழ்கள், ஏழும் மூன்று மாதம் என்று நீர் போகிற போக்கில் எழுதிய வரியில்தான் நான் நின்றுவிட்டேன். மற்றவற்றை விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பொறாமை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு, அதை விடும். ஆங்கிலத்தில் பிழை விடாமல் பேசத் தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்றிருந்தால் அறுபது வயதிலும் பேசமாட்டீர். அதைப் பற்றி ஒரு பந்தி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு நாங்கள் இடம்பெயர்ந்தபோது எங்கள் வளவில் பதினெட்டுத் தென்னைகள் நின்றன. 2002 இல் சமாதான காலம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தபோது இரண்டு மட்டும் தலையில்லாமல் நின்றன. அம்மா அழவில்லை. அடுத்த மாரிக்குப் பன்னிரண்டு தென்னம்பிள்ளைகளை வாங்கி வைத்து, கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வளர்த்தார். அவற்றில் முதலாவது பாளை தள்ளிய வருடம் 2008. அந்த வருடக் கடைசியில் நாங்கள் மறுபடியும் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். பிறகு எங்கே போனோம், எதைக் கடந்தோம், செட்டிகுளம் அகதி முகாமில் எத்தனை மாதம் இருந்தோம் என்பதெல்லாம் உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2010 இல் திரும்பி வந்த பிறகு அம்மா தென்னை வைக்கவில்லை. பயறு போட்டார், கௌப்பி போட்டார், கச்சான் போட்டார், மிளகாயும் கத்தரியும் வைத்தார். எல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் கைக்கு வருபவை. தறப்பாள் கொட்டிலுக்குள் ஓர் ஆணியில் ஒரு பை தொங்கியது: காணி பெர்மிட், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் மரணச் சான்றிதழ், நிவாரண அட்டை எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சொப்பிங் பைகளுக்குள் வைத்து, வாயை றப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தார். இரவில் இடி இடித்தால் எழுந்து போய் அந்தப் பையை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பார். பிறகு வீட்டுத்திட்டத்தில் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்து கல்வீடு எழும்பியபோது, பை புதுச் சுவரின் ஆணிக்கு மாறியதே தவிர அவிழவில்லை. தென்னை வைப்போமா என்று கேட்டால், “காய்க்க ஆறேழு வருசம் எடுக்கும். அதுமட்டும் இருப்பமோ ஆருக்குத் தெரியும்? பாப்பம்” என்பார்.

இந்தப் “பாப்பம்” என்ற சொல்லைத்தான் நான் சில வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நமது ஊரில் இதற்கு மறுப்பு என்ற பொருளும் இல்லை, சம்மதம் என்ற பொருளும் இல்லை. எதிலும் காலூன்றாமல் நிற்பதற்கு நாம் கண்டுபிடித்த சொல் அது. ஷெல் எப்போது விழும், பாதை எப்போது பூட்டும் என்று தெரியாத காலத்தில், அடுத்த வருடத்தை நம்பி எதையும் செய்யாதவனே புத்திசாலி. அம்மாவின் கணக்கு அன்று சரியான கணக்கு, இரண்டு முறை தென்னையை இழந்து படித்த கணக்கு. ஆனால் காலம் மாறினாலும் கை பழைய கணக்கையே எழுதிக்கொண்டிருக்கும் என்பதுதான் துயரம். நீர் சேர்த்து வைத்திருக்கும் ஏழு சான்றிதழ்களும் பயறும் கச்சானும். பட்டப்படிப்பு தென்னை. அதனால்தான் அதை முதல் வருடத்தில் விட்டீர். சோம்பேறி மூன்று மாத வகுப்புக்கு ஏழு தடவை போகமாட்டான், தம்பி.

உம்மை மட்டும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயது வரை நான் சிறுகதையும் பத்தியும் மட்டும்தான் எழுதினேன். நாவல் எழுத நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. முடிக்கும்வரை ஒரே இடத்தில் இருப்பேன் என்ற நம்பிக்கைதான் இருக்கவில்லை.

உளவியலில் இதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1967 இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் தப்பவே முடியாதபடி மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களைப் பிறகு ஒரு தாழ்ந்த தடுப்புள்ள பெட்டிக்குள் விட்டார்கள். தாண்டினால் தப்பலாம். பெரும்பாலானவை தாண்டவில்லை, படுத்துக்கிடந்தன. தடுப்பை எடுத்துவிட்டு மறுபக்கம் நின்று கூப்பிட்டும், இறைச்சித் துண்டைப் போட்டுக் காட்டியும் அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிற்றைப் போட்டு மறுபக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துக் காட்டிய பிறகுதான், கால்கள் தாமாகத் தாண்டப் பழகின. நீர் கேட்கிற தன்னம்பிக்கைப் பேச்சுக்கள் மறுபக்கத்தில் போடப்பட்ட இறைச்சித் துண்டுகள். இரண்டு நாளில் மணம் போய்விடும். இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அதே இருவரும் ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016 இல், தாங்கள் அன்று தலைகீழாக விளங்கிக்கொண்டோம் என்று எழுதியதுதான். நீண்ட துன்பத்தின் முன் செயலற்றுப் போவதை எவரும் கற்றுக்கொள்வதில்லையாம். அது மூளையின் இயல்பான பதில். தன் செயலால் ஏதாவது மாறும் என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் நீர் வெல்ல வேண்டிய பழக்கம் என்று ஒன்று உமக்குள் இல்லை. இன்னும் கற்றுக்கொள்ளாத ஒன்றுதான் இருக்கிறது, அதைக் கால்தான் கற்கும், காது கற்காது.

இப்போது உம்மைத் திட்ட வேண்டிய இடம். “போருக்குள் வளர்ந்த எங்களுக்கு இதுதான் விதியா” என்று கேட்டிருக்கிறீர். பன்னிரண்டு வயதில் நீர் கண்டவற்றை நான் சிறிதாக்கமாட்டேன். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு முகாமில் மரத்தின் கீழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்த முகங்கள் எனக்குத் தெரியும். ஆனால் இருபத்தெட்டு வயதில், மின்விசிறிக்குக் கீழ் இருந்துகொண்டு, லாச்சிக்குள் கிடக்கும் ஒரு படிவத்துக்குப் போரைக் காரணம் காட்டுவதற்கு உமக்கு வெட்கமாக இருக்க வேண்டும். வன்னிச் சனத்துக்கு நீண்டகால வேலை சரிவராது என்று நினைத்தால், இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பின்னேரம் போய் நின்று பாரும். அந்தக் குளத்தைக் கட்ட 1902 இல் தொடங்கிய வேலை முடிய ஏறக்குறைய இருபது வருடம் எடுத்தது. முதல் மண்ணைச் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைக் கண்டிருப்பார்கள்?

தென்னைக்கு வருகிறேன். 2012 மாரிக்கு நான் அம்மாவிடம் கேட்காமலே சந்தையில் இரண்டு தென்னம்பிள்ளைகள் வாங்கி வந்து, மூன்றடி ஆழத்தில் கிடங்கு வெட்டி, அடியில் தேங்காய் உரிமட்டைகளை அடுக்கி நட்டேன். அம்மா ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. இரண்டாவது கிழமை ஒரு கட்டாக்காலி மாடு வந்து ஒன்றைக் குருத்தோடு கடித்துவிட்டுப் போனது. “பாத்தியே, நான் சொன்னனான்” என்றார் அம்மா, ஏதோ வென்றவர் போல. நானும் சரி, விட்டுவிடுவோம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், மிஞ்சிய பிள்ளையைச் சுற்றி யாரோ பனையின் கருக்குமட்டையால் நெருக்கமாக அடைத்திருக்கிறார்கள். அம்மாவின் இரண்டு கைகளிலும் கருக்குக் கீறிய கோடுகள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2019 இல் அது காய்த்தது. முதல் குலையில் ஒரு தேங்காயைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு, அந்த மாரிக்கு அம்மாவே இன்னும் நான்கு பிள்ளைகள் வைத்தார். பை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. அதை அவிழ்க்கும்படி நான் கேட்பதில்லை. பையும் தொங்கட்டும், தென்னையும் வளரட்டும்.

உமது கேள்வி எங்கேயோ போய்விட்டது, தெரியும். உமது மனம் சரியான பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடும் பொறாமையோடும் ஒட்டிய நாக்கோடும் அனுப்பினாலும் விண்ணப்பம் போய்ச் சேரும். அதில் அப்படியொரு நிரல் கிடையாது. நாளைக் காலை லாச்சியைத் திறந்து, திணைக்களத் தலைவரின் கையொப்பத்தை வாங்கி, உறையின் இடது பக்க மேல் மூலையில் பரீட்சையின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் சேரும். தபாலகத்தில் தரும் பற்றுச்சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பும். வாசிக்க வேண்டிய புத்தகத்தின் பெயரை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா